ஹாஜராவின் பிள்ளைக்காரிச் செடி

என் அன்பு மச்சி ஹாஜராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கப்றில் இருப்பவர்களுக்கும் ஸலாம் சொல்லலாம் என்றுதான் நமக்கு ஓதித் தந்தார்கள். அதனால் கூச்சமில்லாமல் சொல்கிறேன். உயிரோடு இருந்தபோது ஸலாத்துக்குப் பதில் சொல்லி முடிக்கும் முன்னமே, "என்ன மதினி, புதுசா ஏதும் முளைச்சிச்சா?" என்று கேட்டுவிடுவாய். இன்றைக்கு அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. முளைத்திருக்கிறது, ஹாஜரா. அல்ஹம்துலில்லாஹ், முளைத்திருக்கிறது.

எங்கே, எது என்று உடனே சொல்ல மாட்டேன். சொன்னால் மற்றதைக் கேட்க மாட்டாய். கணக்கு எழுதிப் பழகிய கை இது. மேலே உள்ளதை எழுதாமல் அடியில் கூட்டுத்தொகை போட அதற்கு வராது. அரிசிக்கும் மீனுக்கும் போனதை நான் அன்றன்றே கொப்பியில் பதிவதைப் பார்த்து, "மலக்குமார் நம்மட நன்மை தீமைய தோளில இரிந்து எழுதுறாங்க, நம்மட மதினி கதிரையில இரிந்து எழுதுறா" என்று வீட்டையே சிரிக்க வைப்பாயே. அந்தக் கொப்பியின் கடைசித் தாள்களில்தான் இதையும் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் செடிகள் எல்லாம் இப்போது என் முற்றத்தில். கிணற்றடிக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர், அதுதான் உன் கூடப்பிறந்த நானா, கறுப்பு வலை கட்டித் தந்தார். அதன் நிழலில் உன் தயிர்ச் சட்டிகள் வரிசையாக நிற்கின்றன. அடியில் ஆணி வைத்து நீ துளைத்த துளைகளில் இப்போது எறும்பு குடியிருக்கிறது. நான் கலைக்கவில்லை. "ஹாஜியார்" நலம். மாதக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் கிடந்தாலும் வயிறு வற்றாத அந்த உருண்டைச் செடிக்கு நீ வைத்த பெயர் தெருவில் பரவி, உண்மையான ஹாஜியார் ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். கூழாங்கல் போல மண்ணோடு மண்ணாய்க் கிடந்த கல்லுச் செடி நடுவில் பிளந்து, உள்ளேயிருந்து புதிதாய் ஒரு சோடி இலை எட்டிப் பார்க்கிறது. கருவாட்டுப் பூவும் மலர்ந்தது. நட்சத்திரம் போல அழகு, கிட்டப் போனால் அழுகின வாடை. வேறு ஊர் என்றால் வீட்டை விட்டே ஓடியிருப்பார்கள். கற்பிட்டிக் காற்றில் அதை யார் கண்டார்கள்? மொய்க்க வந்த இலையான்கள்கூட எது பூ, எது பக்கத்து வளவில் காயும் கருவாடு என்று தெரியாமல் அலைந்தன.

இந்தப் பைத்தியம் நமக்கு எப்படிப் பிடித்தது என்று இப்போதும் ஆட்கள் கேட்கிறார்கள். லீவு விட்டால் ஊரே நுவரெலியாவுக்குக் குளிர் பார்க்கப் போகும். நீ மட்டும், "இதவிட வெயில் கூடின இடம் எங்கயாச்சும் இரிக்கா நானா?" என்று கேட்பாய். உன் நானாவும் அந்தப் பழைய டொல்பின் வேனைத் தட்டி எழுப்புவார். மன்னாருக்குப் போய்ப் பெருக்க மரத்தைச் சுற்றி நாம் நான்கு பேரும் கை கோத்துப் பார்த்தது நினைவிருக்கிறதா? கை போதவில்லை. "யானைக்கு வேர் விட்ட மாதிரி இரிக்கி" என்றாய். ஒரு மரம் தன் வயிற்றுக்குள்ளேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு வெயிலைப் பார்த்து நிற்கிறது என்பதில் உனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பிறகு அம்பாந்தோட்டைப் பயணம். வறண்ட நிலத்துச் செடிகளுக்கென்றே அங்கே தோட்டம் இருப்பதை யாரோ சொல்லக் கேட்டு, ஒரு மாதம் உன் நானாவின் காதைத் தின்றாய். கள்ளிகளுக்கு நடுவே செம்மண் பாதையில் நாம் நடந்தபோது, உன் வீட்டுக்காரர் நிஸாம் பின்னால் சோற்றுப் பார்சல்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"டிக்கட் எடுத்து முள்ளப் பாக்க வந்த கூட்டம் நாமதான் மச்சான். நம்மட வேலியில சும்மா பாத்திரிக்கலாம்."

"வேலியில உள்ளது முள்ளு. இது செடி" என்றாய் நீ.

"தண்ணி குடிக்காததச் செடியென்டு சொல்ல எனக்கு வாய் வராது புள்ள."

வெங்காயக்காரரல்லவா. மணலில் ஒரு நாள் தண்ணீர் தப்பினால் பாத்தியே போய்விடும் என்று பயந்து பயந்து வாழ்ந்தவர். விடியவும் தண்ணீர், பொழுது சாயவும் தண்ணீர், நடுவில் களை பிடுங்குவது. அவருக்குத் தெரிந்த அன்பு அவ்வளவுதான். அதை அப்போது நான் அப்படி நினைத்துப் பார்க்கவில்லை. சும்மா சிரித்தேன்.

தோட்டத்துக்கு வெளியே ரோட்டோரத்தில் கன்று விற்கும் குசுமா உனக்கு ஓர் இலை தந்தாள். ஓரமெல்லாம் பல் பல்லாய், ஒவ்வொரு பல்லிலும் ஒரு குட்டிச் செடி. இரண்டு இலையும் மயிர் போல வேருமாய், தாயின் விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தன. "வத்துர எப்பா நோனா" என்று விரலை ஆட்டினாள், தண்ணீர் வேண்டாம் என்று. வேனில் ஏறியதும் அந்த இலையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "இவட பேரு பிள்ளைக்காரி" என்றாய்.

கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் உனக்கு ஒன்று தங்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நீதான் சிரித்தாய். "என்ன எல்லாரும் மூஞ்சியத் தொங்கப் போடுறீங்க? பேரு நல்லா இல்லையா?" நிஸாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "நல்லாத்தான் இரிக்கி" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

உன் வயிற்றில் கட்டி என்று தெரிந்து, கொழும்புக்கும் ஊருக்குமாய் அலைந்து, இனிப் போக வேண்டாம் என்று நீயே முடிவெடுத்த பிறகு, ஒரு பின்னேரம் என் அடுப்படிக் கதிரையில் வந்து உட்கார்ந்தாய். நான் சம்பலுக்கு மாசிக் கருவாடு இடித்துக்கொண்டிருந்தேன்.

"மதினி, ஒன்டு கேப்பன். கோவிக்கப்படாது."

"கேளு."

"பிள்ளை உள்ளவங்களுக்குப் பிள்ளை அல்லாஹ்கிட்டத் துஆக் கேக்கும். எனக்கு யாரு கேப்பா?"

"ஏன், நாங்க செத்தா போனோம்?"

"நீங்களும் ஒரு நாளைக்கிச் சாவீங்கதானே" என்றாய், அதையும் சிரித்துக்கொண்டு. "கப்றுல நடுற செடி பச்சையா இரிக்கிற வரைக்கும் தஸ்பீஹ் செய்யுமாம் என்டு உம்மா சொல்லுவா. நம்மட மையவாடியில நடுற குரோட்டன் ஒரு வெயிலத் தாங்குதா சொல்லுங்க? ரெண்டு கிழமையில சுள்ளி. எனக்குப் பிள்ளைக்காரிய நடச் சொல்லுங்க. அவ நிப்பா."

அப்படி நடுவது சரியா என்று ஆலிம்மார் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மற்றதெல்லாம் கிடைத்த கிதாபை எழுத்துக் கூட்டி வாசித்துத் தெரிந்துகொண்டதுதான். வானத்திலும் பூமியிலும் உள்ள எல்லாமே அவனைத் துதிக்கின்றன என்பது மட்டும் எனக்கு விளங்கியது. எல்லாமே என்றால் ஒரு தயிர்ச் சட்டிச் செடியும் அதற்குள் வரும்தானே? "நட வைக்கிறன்" என்று சொன்னேன். உனக்கு நான் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான்.

நீ மவுத்தான அன்று, உன்னைக் குளிப்பாட்டிய கையோடு நான்தான் பிள்ளைக்காரியைச் சட்டியிலிருந்து எடுத்தேன். வேரிலிருந்த மண்ணைத் தட்டி, பழைய துணியில் சுற்றி, உன் நானாவின் கையில் கொடுத்தேன். மையவாடிக்கு நம் பக்கத்தில் பெண்கள் போவதில்லை. உன்னைத் தூக்கிப்போன சந்தூக்கு தெரு முனையில் திரும்பும்வரை நின்று பார்த்தேன். அதோடு என் வேலை முடிந்தது. உன் கப்று எந்த மூலையில், மணல் எப்படி, நிழல் உண்டா, செடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஒன்றும் தெரியாது. கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

"இரிக்கா?"

"இரிக்கி."

"பச்சையா?"

"பச்சைதான் சுலைஹா. ஏன் ஒரு கேள்விய ஒம்பது தரம் கேக்குற?" உன் நானாவைத் தெரியும்தானே.

ஒரு நாள் ஜும்ஆ முடிந்து வந்தவர், தொப்பியைக் கழற்றிக்கொண்டே, "உங்கட செடி நல்லாத்தான் இரிக்கி. கொஞ்சம் கொழுத்துப் போச்சி" என்றார்.

அந்தச் சாதிச் செடி கொழுத்தால் நல்லதல்ல, ஹாஜரா, உனக்குச் சொல்லவா வேண்டும்? யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேட்டேன். "யாரு? நிஸாம்தான். ஸுப்ஹு தொழுதுட்டு ஒருக்கா, அஸருக்குப் பொறகு ஒருக்கா. தோட்டத்துக்குப் போற மாதிரிப் பூவாளியத் தூக்கிக்கிட்டுப் போறான். ஆட்டுப் புழுக்கையும் போட்டிரிக்கான். சுத்திவர ஒரு புல்லு இல்ல, அப்படித் துப்புரவா வச்சிரிக்கான்."

வெங்காயப் பாத்தி! உன் கப்றின் தலைமாட்டில் அவர் ஒரு வெங்காயப் பாத்தி போட்டிருக்கிறார்.

மறுநாள் நிஸாம் பகல் சோற்றுக்கு வந்தபோது, பக்குவமாகத்தான் கேட்டேன். "தம்பி, அந்தச் செடிக்குத் தண்ணி ஊத்துறீங்களாம்?"

"ஊத்தாம?"

"அது தண்ணி கேக்காத செடி தம்பி."

கையிலெடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தார். "கேக்காட்டிக் குடுக்காம இரிக்கிறதா ராத்தா? அவ எப்ப எதக் கேட்டா? கேக்கல்ல என்டுதான் நானும் ஒன்டும் குடுக்காம இரிந்துட்டன்."

சோற்றுச் சட்டியை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். நீயாக இருந்தாலும் வேறென்ன செய்திருப்பாய்?

பிறகு நடந்தது நடந்தது. அடித்தண்டு கறுத்து, உள்ளே கூழாகி, ஒரு காலையில் செடி அப்படியே மடிந்து விழுந்துவிட்டது. நிஸாமே வந்து சொன்னார். உள்ளே வரவில்லை, வாசல் கேற்றடியில் நின்று, "முடிஞ்சி ராத்தா. அதையும் நான்தான் முடிச்சன்" என்றார். பூவாளி கையிலேயே இருந்தது.

என்னிடம் சின்னது ஒன்று இருந்தது, மிச்சமிருந்த ஒரு சட்டியில். கொண்டு போய் நடச் சொன்னேன். "இதையும் கொல்லவா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். உன் நானாவிடம் கொடுத்து அவருக்குத் தெரியாமல் நட வைத்திருக்கலாம். செடி நின்றிருக்கும், உனக்குக் கொடுத்த வாக்கும் ஒரு மாதிரி நின்றிருக்கும். ஆனால் உன் புருஷன் தலைகுனிந்து போய்வரும் இடத்தில், அவருக்கு மறைத்து நாங்கள் ஒன்றை நட்டு, அதைப் பார்த்து நீ சந்தோஷப்படுவாயா? இரண்டில் எதை முதலில் காப்பாற்றுவது என்று எனக்கு விளங்கவில்லை. தொழுகையில் ஸுஜூதில் கிடக்கும்போதும் அதே யோசனை. பச்சை இல்லாமல் கிடக்கிறாளே, பச்சை இல்லாமல் கிடக்கிறாளே என்று.

நிஸாம் சோற்றுக்கு வருவதை நிறுத்தினார். கொடுத்தனுப்பினால் சட்டி கழுவித் திரும்பி வரும், ஆள் வராது. ஆனால் மையவாடிக்குப் போவதை நிறுத்தவில்லை. செடி போன இடத்தில், வெறும் மண்ணுக்கு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். ஒரு புல் தலைகாட்ட விடாமல் பிடுங்கினார். "பாக்க ஏலாது சுலைஹா" என்று உன் நானா ஒரு நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உன் நானா அழுது நீ பார்த்திருக்கிறாயா? நான் உன் ஜனாஸாவன்றுகூடப் பார்க்கவில்லை.

அதனால்தான், அவரை அந்த வெறும் மண்ணிலிருந்து கொஞ்சம் விலக்க, இந்த லீவுக்கு அம்பாந்தோட்டைக்குப் போவது என்று நான் சொன்னேன். கொப்பியில் செடிக்கென்று நான் ஒதுக்கும் காசு நீ போனதிலிருந்து செலவாகாமலே கிடந்தது. அதை இதற்கு எடுத்துக்கொண்டேன். உன் நானா போய் நிஸாமைக் கூப்பிட்டார். நானும் போயிருந்தேன், வேனுக்குள் இருந்தபடி எல்லாம் கேட்டது.

"நான் வரல்ல மச்சான். தண்ணி ஊத்த ஆளில்ல."

"எதுக்குடா தண்ணி? அங்க மண்ணுதான் இரிக்கி."

சொல்லிவிட்டு உன் நானாவே பயந்துபோய் நின்றார். நிஸாம் உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். சாறன் மாற்றிக்கொண்டு, ஒரு சின்னப் பையோடு வந்து முன் சீட்டில் ஏறினார். "மையவாடிக்கு ஒருக்கா விட்டுட்டுப் போங்க. துப்புரவாக்கி வச்சிட்டு வாறன்." விட்டோம். நல்ல நேரம் எடுத்துத்தான் வந்தார்.

தோட்டத்தில் பழைய பாதையிலேயே நடந்தோம். நீ தொட்டுப் பார்த்துக் குத்து வாங்கிய அந்த நீளக் கள்ளி இப்போது ஆளை விட உயரம். நிஸாம் இந்த முறை பகிடி பண்ணவில்லை. ஒவ்வொரு பலகையிலும் எழுதியிருந்ததை, தனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்திலும் இங்கிலீசிலும் இருந்ததை, நின்று நின்று பார்த்தார்.

வெளியே வந்தால் குசுமா அதே இடத்தில், அதே நீலக் குடையின் கீழ். எங்களைக் கண்டதும் எழும்பினாள். மற்ற நோனா எங்கே என்று கேட்டாள். உன் நானா வாய் திறக்கும் முன் நிஸாம் சொல்லத் தொடங்கிவிட்டார். தம்புள்ளையில் வெங்காயம் விற்கிற சிங்களம்தான் அவருக்குத் தெரியும். அந்தச் சிங்களத்தில், மூட்டைக்கும் விலைக்கும் உள்ள சொற்களை வைத்துக்கொண்டு, உன் மவுத்தைச் சொன்னார், செடியைச் சொன்னார், ஊற்றிய தண்ணீரைச் சொன்னார், புழுக்கையைச் சொன்னார். புழுக்கை என்றதும் குசுமா "அம்மோ!" என்று தலையில் கை வைத்தாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகம். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பிறகு தன் மேசைக்கு அடியில் காட்டினாள். குனிந்து பார்த்தேன். கல்லும் தூசும் கிடக்கிற இடம். அந்தக் கல்லிடுக்கெல்லாம் பிள்ளைக்காரிகள். அவள் நட்டதில்லையாம். மேலே இருக்கும் சட்டியிலிருந்து குட்டிகள் தானாக விழுவதாம், பிடுங்கிப் பிடுங்கி அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டதாம். தாய் அழுகினாலும் மண்ணில் குட்டி இருக்கும், தண்ணீர் ஊற்றாதே, கிண்டாதே, கொஞ்சம் மறந்துவிட்டு இரு என்றாள்.

"மறக்கத்தானே நோனா ஏலாது" என்றார் நிஸாம், தமிழில். உன் நானா அதை மொழிபெயர்க்கவில்லை. குசுமாவுக்கு விளங்கியது போலத்தான் இருந்தது.

நிஸாம் மேசைக்கடியில் குந்தி, விரல் நுனியால் ஒரு குட்டியைத் தொட்டார். நகத்தளவு இரண்டு இலை, அடியில் கொஞ்சம் ஊதா. கனநேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"ராத்தா. இதத்தான் நான் பிடுங்குறது."

"எத?"

"கப்றடியில நெதமும் முளைக்கிற களை. இதேதான். காலையில பிடுங்கினா அடுத்த நாளும் வரும். நான் ஏதோ புல்லு என்டு… வெளிக்கிட்ட அன்டைக்கும் ஒன்டு விடாமப் பிடுங்கிப் போட்டுட்டுத்தான் வந்தன்."

உனக்கு இப்போது சிரிப்பு வருகிறதா, ஹாஜரா? எனக்கு அப்போது வரவில்லை. உன் வீட்டுக்காரர் அந்த ரோட்டோரத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டார். குசுமா அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

உடனே ஊருக்குத் திரும்ப வேண்டும் என்றார். திரும்பினோம். ஆனால் தங்காலை தாண்டவில்லை, டொல்பின் புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. கராஜ்காரன் என்ஜினைத் திறந்து பார்த்து, சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும், "ஹெட்ட" என்றான். நாளைக்கு என்று அர்த்தம். அவனுடைய நாளை வந்து சேர ஒரு கிழமைக்கு மேல் ஆனது. பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கினோம். நிஸாம் பஸ்ஸில் போகிறேன் என்று பையைத் தூக்குவார். உன் நானா பறித்து வைப்பார்.

"போய் என்ன செய்யப் போற? இன்னொருக்காப் பிடுங்கவா?"

"தண்ணி கொஞ்சம் ஊத்தினா வந்திரும் மச்சான்."

"டேய், வத்துர எப்பா!" என்று உன் நானா குசுமாவைப் போலவே விரலை ஆட்டினார். அன்றைக்குத்தான் நிஸாம் சிரித்தார். நீ போன பிறகு முதல்முறை. நான் தின்ன எடுத்த பாணைப் பிய்த்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

இடையில் ஊரில் ஒரு பாட்டம் மழை பெய்ததாகப் போனில் கேள்விப்பட்டோம். அந்த மழைக்காக எவ்வளவு துஆக் கேட்டேன் தெரியுமா? வந்த பிறகு, போதும் யா அல்லாஹ், இதற்கு மேல் வேண்டாம் என்றும் கேட்டேன். மழை வேண்டாம் என்று துஆக் கேட்ட கற்பிட்டிப் பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இன்று பகல் வந்து சேர்ந்தோம். அஸர் தொழுத கையோடு ஆண்கள் இருவரும் மையவாடிக்குப் போனார்கள். பூவாளியை நான் வாங்கி எங்கள் அடுப்படிக்குள் வைத்துவிட்டேன். தஸ்பீஹ் மணியைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உன் சட்டிகளுக்கு நடுவே நடந்தேன். எண்ணிக்கை பிடிபடவில்லை. எனக்கு எண்ணிக்கை தப்புவதென்றால் பார்த்துக்கொள்.

போன் அடித்தது. உன் நானா இல்லை, நிஸாம். வீடியோவில். முதலில் அவருடைய தாடிதான் முழுத் திரையிலும். "ராத்தா, தெரியுதா? ராத்தா!" பிறகு போன் திரும்பியது. வானம், மதில், ஒரு வேப்ப மரம், மணல். உன் நானாவின் கால். பிறகு உன் தலைமாட்டில் நட்ட மீசான் கட்டை.

உன் கப்றை நான் பார்த்தது அதுதான் முதல்முறை, ஹாஜரா. வேப்ப மரத்து நிழல் பாதியில் விழுகிறது. நல்ல இடம். கடல் காற்று வருகிற பக்கம். எனக்கு யாரும் அதைச் சொல்லவே இல்லை. கேட்கத் தெரியாமல் பச்சையை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"கிட்டப் பிடிங்க தம்பி."

கிட்டப் பிடித்தார். தெரிந்தது. தலைமாட்டில் பாத்தி கட்டின அந்த ஈர மண் காய்ந்து வெடித்திருக்க, வெடிப்பு வெடிப்பாய், ஊதா அடியோடு, பல் வைத்த இலையோடு, குட்டிகள். ஒன்றல்ல. எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். நானே விட்டுவிட்டேன்.

"இரிக்கி ராத்தா" என்றார். "நான் பிடுங்கியும் இரிக்கி."

உன் நானா பின்னாலிருந்து ஏதோ சொன்னார். போன் பக்கவாட்டில் போனது. உன் கப்றுக்கு அடுத்ததில் பெயர்ப் பலகை இல்லை. கடலில் ஒதுங்கிய யாரோ ஒருவரின் மையத்தாம். ஊர் கூடித் தொழுவித்து அடக்கியதாம். தேடி வர ஆளில்லாத கப்று. காற்று கொண்டுபோனதோ, களை என்று இவர் பிடுங்கி அந்தப் பக்கம் வீசியதோ, அதிலும் நாலைந்து நிற்கிறது.

"இத என்ன செய்ற ராத்தா? பிடுங்கவா?"

"பிடுங்க வேணாம் தம்பி."

"அதான் நானும் நினைச்சன்" என்றார். "அவருக்கும் யாருமில்லதானே."

போனை வைத்த பிறகு வீட்டுக்குள் வந்து இரண்டு ரக்அத் தொழுதேன். ஸுஜூதில் நெற்றி வைத்தபோது எத்தனையோ மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போவதை உணர்ந்தேன். நிஸாம் உன் நானாவோடு சேர்ந்து வந்து, கூப்பிடாமலே உள்ளே வந்து, கதிரையை இழுத்துப் போட்டுச் சோறு கேட்டார். மாசிச் சம்பலை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது அடுப்படியை எட்டிப் பார்த்து, "பூவாளி?" என்றார். "அது இங்க இரிக்கட்டும்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

நான் இப்போது உனக்குத் தருகிற வாக்கு விசித்திரமானது. நட வைக்கிறேன் என்று முன்பு சொன்னேன். இப்போது, ஒன்றும் செய்யாமல் இருக்கிறேன் என்று சொல்கிறேன். தண்ணீர் கொடுத்தனுப்ப மாட்டேன். உரம் கொடுத்தனுப்ப மாட்டேன். உன் நானாவிடம் ஒரே கேள்வியை ஒன்பது தரம் கேட்க மாட்டேன். நிஸாம் வெறுங்கையோடு போய் நின்று உனக்காக துஆக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். சோறு இங்கே இருக்கும். மற்றதை உன் பிள்ளைகளும், அவர்களுக்கு வெயிலைத் தாங்கும் உடம்பைக் கொடுத்தவனும் பார்த்துக்கொள்வார்கள். அடுத்த லீவுக்கு குசுமாவிடம் போய், முளைத்துவிட்டது என்று சொல்வோம். நிஸாமே சொல்லட்டும், அவருடைய வெங்காயச் சிங்களத்தில்.

உன் நானாவைக் கட்டிக்கொண்டு வந்து உன் கூட்டாளியாகிப் போன,
மதினி சுலைஹா